பவுடர் அண்ணையின் மரத்தரை

லண்டனில் டால்கம் பவுடர் விற்றவர்கள் பிழைத்ததே எங்கள் பவுடர் அண்ணையால்தான். ஆனால் அதில் ஒரு பொட்டு அவர் முகத்தில் பட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் தரைக்கு.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு கூடம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் அங்கே பழைய அமெரிக்க சோல் இசைப் பாட்டுகளுக்கு ஆட்டம் நடக்கும். ஜெர்மனியிலிருந்து வந்து குழாய் வேலை செய்த அண்ணைதான் இசைத்தட்டுப் போடுபவர். ஆட்டத்திலும் முதல் ஆள் அவர்தான். கால் வழுக்கிச் சுழல வேண்டுமென்று, ஐயர் தீர்த்தம் தெளிக்கிற பக்தியோடு தரையெல்லாம் பவுடர் தூவுவார்.

சட்டதிட்டங்களுக்கும் குறைவில்லை. தோல் அடி வைத்த சப்பாத்துத்தான் போட வேண்டும். கையில் குடிவகையோடு தரையில் கால் வைக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டால், "உது கலியாண வீட்டுப் பாட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் நான் போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"ரப்பரோ? கழட்டிப்போட்டு வாரும்."

அன்று முழுக்க ஓட்டைக் காலுறையோடு ஆடினேன்.

இன்னொரு நாள், மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய வங்கி அதிகாரி ஒருவரை வாசலில் மறித்தார்.

"உந்தப் பாட்டுகளை முதல் எங்கை கேட்டனீங்கள்?"

"டிவி விளம்பரத்துல கேட்டேன் சார்."

அண்ணையின் முகம் செத்த வீட்டுக்குப் போனவர் முகமாயிற்று. அதிகாரி அதற்குப் பிறகு வெகு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்படியே ஆட்களை விரட்டி, கடைசியில் நாங்கள் ஒரு கைப்பிடிதான் மிஞ்சினோம். அடுத்த மாதமும் இதே நிலை என்றால் கூடம் யோகா வகுப்புக்குப் போகும் என்றார் மேலாளர். அண்ணை குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"அண்ணை, சனத்தை வர விடுங்கோ. இல்லாட்டி எங்கை போய் ஆடுவியள்?"

"ஒரு நாளைக்குத்தான். ஏலாது எண்டால் எழும்பிப் போயிடுவன்."

அடுத்த மாத ஞாயிறு, பிறந்தநாள் கொண்டாட ஸ்ட்ரெதமிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் மினுமினுப்புத் தொப்பிகளோடு வந்து இறங்கியது. கூடம் நிறைந்துவிட்டது. அண்ணையோ பதற்றத்தில் பவுடர் டின்னை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெளியே நிறுத்தியிருந்த தன் வான் வண்டிக்கு ஓடினார். மனைவி வாங்கச் சொன்ன இடியப்ப மா அங்கே இருந்தது. வெள்ளையாக, பொடியாக, பார்த்தால் பவுடரேதான். அள்ளித் தூவிவிட்டார்.

முதல் பாட்டுக்குத் தரை பிரமாதமாக வழுக்கியது. இரண்டாவது பாட்டில் பிறந்தநாள்காரியின் கையிலிருந்த லெமனேட் கொட்டி, மா குழைந்தது. அண்ணை சுழன்றார், வலது சப்பாத்து மட்டும் சுழலவில்லை. சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஒற்றைக் காலுறையில் வழுக்கிப் போய்ச் சுவரோரக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

இனி யோகாதான் என்று நினைத்தேன்.

பிறந்தநாள்காரி ஓடிப்போய்ப் பார்த்தார். அடி எதுவும் இல்லை. உடனே தன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மாவை வழித்துத் துடைக்கத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துடைத்து முடிந்ததும் அண்ணையிடம் வந்து ஒரு பாட்டைக் கேட்டார். கேட்டது ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பாட்டு, அண்ணை வாயால் சொல்லவும் கூசுகிற பாட்டு.

அண்ணை எழும்பினார். போய்விடப் போகிறார் என்றுதான் பயந்தேன். ஆனால் இசைத்தட்டுப் பெட்டியின் அடியிலிருந்து தேய்ந்துபோன ஒரு தட்டை எடுத்துப் போட்டார்.

"அண்ணை, இது கலியாண வீட்டுப் பாட்டல்லோ?"

"ஓம். மனிசியோடை நான் முதன்முதல் ஆடினது இதுக்குத்தான். பேசாமல் வந்து ஆடும்."

யோகா சனிக்கிழமைக்குப் போயிற்று. இப்போது ரப்பர் அடிக்காரர்களும் வருகிறார்கள், வங்கி அதிகாரி உட்பட. அண்ணை அவர்கள் காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. ஆனாலும் அவர் வந்து தரையில் பவுடரைத் தூவும்வரை எங்களில் ஒருவருக்கும் கால் எழும்புவதில்லை.