நான்கெல்லை இல்லாத வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் நலம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதிவிட்டேன். தாங்களும் சம்பந்தி அம்மாளும் அங்கே காலை முழுசாக நீட்டித் தூங்கி எழுந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் குறை சொல்லக் கூடாது. நான் சொல்லவும் இல்லை. தங்கள் மகன் தங்கமானவர். இந்தக் கடிதம் அவருடைய வீட்டைப் பற்றி மட்டும்தான். பெண்ணுக்கு ஏழாம் மாதம், பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று நானும் என் மனைவியும் கடல் தாண்டி வந்து இறங்கினோம். விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையிடம், "வீடு இங்கேருந்து ரொம்ப தூரமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "இல்ல மாமா, வெளியிலதான் நிக்குது" என்றார். நின்றது. இருபத்தாறு வயதான வேன். உள்ளே ஒரு கட்டில், அதற்கு மேலே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அலமாரி மாதிரி ஒரு கதவு. அதைத் திறந்தால் கழிவறை. போனில் பேசும்போதெல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாள் மலையும் ஒரு நாள் ஏரியும் தெரியும். சுவரில் படத்தை மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள், ரசனையான பிள்ளைகள் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். வீடு என்றால் எனக்கு நான்கெல்லை. வடக்கே இன்னாருடைய சுவர், தெற்கே பொதுப்பாதை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இந்த வீட்டுக்கும் எழுதிப் பார்த்தேன். திங்கட்கிழமை வடக்கே குப்பைத் தொட்டி, தெற்கே பெட்ரோல் பங்க். செவ்வாய்க்கிழமை வடக்கே ஏரி, தெற்கே ஒரு மாடு. புதன்கிழமை மாடும் இல்லை, நாங்களும் இல்லை. பிறக்கப் போகிற நம் பேரக்குழந்தையின் சான்றிதழில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் வண்டி நம்பரையா எழுதுவது?

மாப்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்து நிற்பது என் வழக்கம், கூரையோ என் உயரத்துக்கு நாலு விரல் குறைச்சல், ஆகவே அவர் பால் வாங்கி வந்தால் ஒரு இடி, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் இன்னொரு இடி, "உக்காருங்க மாமா" என்று அவர் சொல்வதற்குள் நான் இடித்து முடித்திருப்பேன். கீழ்க்கட்டில் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும், மேல்கட்டில் எனக்கும் மாப்பிள்ளைக்கும். தப்பித்தவறிக் கால் பட்டுவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறோம். நடுவில் தாங்களும் படுக்கலாம், அவ்வளவு இடம். பெண், மாப்பிள்ளை இருவருக்கும் ஆபீஸ் வேலையும் இதே அறையில், மடியில் கம்ப்யூட்டரோடு. அவர் தன் மேலதிகாரியோடு முகம் பார்த்துப் பேசும்போது நான் மேலே பனியனோடு மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், ஒரு நாள் தும்மிவிட்டேன், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அந்த அதிகாரி மறுநாள்வரை விசாரித்தாராம். என் மனைவி பழக்கதோஷத்தில் அரிசியை மூன்று தண்ணீர் கழுவினாள். உடம்பெல்லாம் சோப்போடு நான் நிற்கும்போது வண்டியின் தண்ணீர்த் தொட்டி காலி.

நேற்றோடு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. நிரம்பியதும் வண்டிகள் தங்கும் முகாமின் மூலையில் அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்ட வேண்டும். மாப்பிள்ளை தூக்கினார். நாங்கள் சாப்பிட்டதை மாப்பிள்ளை சுமப்பதா? நானும் போய்ப் பிடித்தேன்.

"விடுங்க மாமா, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க விடுங்க மாப்பிள்ளை. கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க?"

"இங்க யாரு மாமா கேள்விப்படப் போறா?"

"உங்கப்பா."

இப்படி ஆளுக்கொரு பக்கம் மரியாதை கொடுத்ததில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பெட்டி விழுந்து திறந்துகொண்டது. மேற்கொண்டு விவரம் வேண்டாம். முகாம் காவலர் வந்தார், பார்த்தார், வாசலைக் காட்டினார். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்பா, சிரிச்சு சிரிச்சு வலிக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே சம்பந்தி, நான் சொன்னால் அது மாமனாரின் வம்பு, தாங்கள் சொன்னால் அப்பாவின் உத்தரவு. ஒரு போன் போட்டு, "அந்த வண்டியத் தலைமுழுகிட்டு, குழந்தை பொறக்கறதுக்குள்ள நாலு சுவர் இருக்கிற வீடாப் பாருடா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம். அலுத்துவிட்டது சம்பந்தி. இடம் பெயராத ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சம்பந்தி அம்மாளுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்பு. வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு என்னிடம் மிச்சமிருக்கும் ஆசிகள் அத்தனையும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(முகவரி: இன்று மட்டும், ஒரு பாலத்துக்கு அருகில்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெண் வந்து சொன்னாள். மாப்பிள்ளை ஒரு மாதமாகத் தேடி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துவிட்டாராம். தாங்கள் இருவரும் வந்து தங்கவும் அறை இருக்கிறதாம். ஆகவே போன் போட வேண்டாம். வண்டியை வாங்க நாளை ஆள் வருகிறார் என்று மாப்பிள்ளை சொன்னபோது, "விக்க வேண்டாம் மாப்பிள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தபிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. என்ன செய்வது, இந்த ஆறு வாரமாக விடிந்தால் என் மனைவி, "இங்க வந்து பாருங்களேன்" என்று என்னை ஜன்னலுக்குக் கூப்பிடுகிறாள். நம் ஊர் வீட்டில் முப்பத்தாறு வருஷம் ஒரே ஜன்னல், ஒரே எதிர்வீட்டுச் சுவர். கூப்பிட்டுக் காட்ட அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து நாங்கள் இருவரும் இந்த வண்டியில் கிளம்புகிறோம், பேரக்குழந்தையைத் தாங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்பாவுக்கு ஓட்டத் தெரியாதே, யாரு ஓட்டுவா?" என்று பெண் கேட்டாள். "நான்தான். கத்துக்கணும்னு கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே ஆசை" என்றாள் என் மனைவி. எனக்கு இன்றுதான் தெரியும்.