பாலம் சாரும் ஒரு நாற்காலியும்

ஒருவர் உங்களிடம் வந்து உட்கார ஒரு நாற்காலி கேட்டால், அதில் எத்தனை பண்பாடுகள் மோதுகின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? அப்படியானால் நீங்கள் பன்னாட்டுத் தொடர்பாடல் படிக்கவில்லை. படித்த இனம் ஒன்று உண்டு. எந்த நாட்டவர் முன் எவ்வளவு குனியலாம், யாரிடம் கண்ணைப் பார்த்துப் பேசலாம், யாருக்கு விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும், எல்லாம் அதற்கு அத்துப்படி. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

மருந்துப் பெட்டி கட்டும் தொழிற்சாலை ஒன்றில், வெளிநாட்டு மேனேஜருக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவே இந்த இனத்தில் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். "ரெண்டு பண்பாட்டுக்கு நடுவுல நான் ஒரு பாலம்" என்று முதல் நாளே அவர் அறிவித்துக்கொண்டதால் பாலம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பேக்கிங் மேசையில் எல்லோருக்கும் நின்றபடிதான் வேலை. ஏழு மாத வயிற்றோடு நின்ற ஒருத்திக்குக் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. பாலம் சாரிடம் வந்தாள்.

"சார், ஒரு நாற்காலி வேணும். நிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பாலம் சார் பூரித்துப்போனார்.

"எடுத்த எடுப்புல கேட்டா அவங்க பண்பாட்டுல தப்பா எடுத்துக்குவாங்கம்மா. முதல்ல நம்பிக்கைய உண்டாக்கணும்."

"நம்பிக்கை மேல உக்கார முடியாதே சார்!"

அதையும் குறித்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். இம்மக்கள் நாற்காலி என்றால் நாற்காலியைச் சொல்வதில்லை, அங்கீகாரத்துக்கான ஏக்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினார். மேனேஜருக்கும் சௌகரியம், அங்கீகாரத்துக்குச் செலவில்லையே! மறுநாள் அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

"நீ கேட்டது நாற்காலி இல்லம்மா, அங்கீகாரம்" என்று பாலம் சார் நீட்டினார். அவள் நின்றபடியே வாங்கிக்கொண்டாள்.

இந்தப் படிப்பின் மகிமையைக் கவனித்தீர்களா? அநியாயத்துக்குப் 'பண்பாட்டு வேறுபாடு' என்று பெயர் வைத்தாயிற்றா, அதன்பின் குற்றவாளியே கிடையாது. வீங்கிய கால் மட்டும் வீங்கியபடி இருக்கும்.

அடுத்த வாரம், 'காதுகொடுத்துக் கேட்கும் கலை' பற்றி மேல்மாடியில் வகுப்பெடுத்துவிட்டுப் பாலம் சார் இறங்கி வந்தார். அறையில் அவருடைய சுழல் நாற்காலி இல்லை. பேக்கிங் மேசையருகே இருந்தது. அதில் அவள், பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ எடுத்தது என் நாற்காலிய? நான் என்ன நாள் பூரா நின்னுக்கிட்டா வேலை பார்க்கிறது?"

நம்பிக்கை உண்டாக்கவில்லை. யார் பண்பாட்டையும் யோசிக்கவில்லை. அந்தக் கத்தலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, மேனேஜரே ஓடிவந்துவிட்டார்.

பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்தாள். "கோச்சுக்காதீங்க சார். நீங்க கேக்கிறது நாற்காலி இல்ல, அங்கீகாரம். அந்தச் சான்றிதழ் சும்மாத்தான் கிடக்கு, எடுத்துக்குங்க."

மேசை முழுக்கச் சிரித்தது. நாற்காலியில் இருந்தவள் எழுந்திருக்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததால், எழுந்திரு என்று சொல்ல மேனேஜருக்கும் வாய் வரவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? தலையைத் திருப்பி, உங்கள் கடையில், அலுவலகத்தில், வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 'அவங்களுக்கு அது பழக்கம்' என்று ஒரு விளக்கம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதா? பாலம் சாரின் நோய் உங்களுக்கும் தொற்றிவிட்டது. மருந்து ஒன்றுதான்.

தயவுசெய்து எழுந்திருங்கள். அந்த நாற்காலியைக் கொண்டுபோய் அவர்களுக்குப் போடுங்கள்.