மனித உரிமை விழாவுக்கு அப்பாவைப் பிடித்துப்போனது பற்றி

காளவாசல், மதுரை
11-12-1982

தாய்மாமன் ஏட்டு சிவனாண்டி அவர்களுக்கு,

மனித உரிமை நாள் விழாவில் நாற்காலிகளை நிரப்புவதற்காக என் அப்பாவைச் சந்தேகக் கேஸில் பிடித்துக்கொண்டு போனது உங்கள் ஸ்டேஷன். வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள். இதைச் சொல்லிவிட்டதால் இனி முறைப்படி விசாரிக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நாளைக் காலையில் உங்கள் அக்கா மகள் தங்கப்பொண்ணுக்குப் பரிசம். கார்த்திகையில் இதுதான் கடைசி முகூர்த்தம். விட்டால் மார்கழி வந்துவிடும். தை பிறக்கும்வரை கொட்டாம்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்களா, வேறு பெண் பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தட்டு மாற்ற வேண்டிய அப்பா உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். அவரால் மாட்டிக்கொண்ட, கைவண்டி இழுக்கிற சோணையும் அங்கேதான் இருக்கிறான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அத்தையிடம் நீங்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்கள். பரிசத்துக்குத் தாய்மாமனுக்குத்தான் முதல் வெற்றிலை வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரையும் அழைக்கக் கூடாது என்று அம்மா அப்பாவை விரட்டிக்கொண்டே இருந்தார். அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் பந்தோபஸ்து, ஸ்டேஷனுக்கு வந்தால் கோர்ட்டு. அதனால் எங்கள் வாடகை சைக்கிள் கடையிலேயே வெற்றிலை பாக்கை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். நேற்றுக் காலை உங்கள் வேன் கடைக்கு எதிரே நின்றது. பின்னால் ஏற்கெனவே கொஞ்சம் பேர் குத்தவைத்திருந்தார்கள். அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்துவிட்டார். முன் பக்கம் டிரைவர் கதவைத் திறக்காததால் பின் பக்கமாக ஏறி, கம்பி வலை வழியாக உங்களுக்கு வெற்றிலையை நீட்டினார். தானாக ஏறுகிற ஆளை உங்கள் ஸ்டேஷன் இதுவரை பார்த்திருக்காது. நீங்கள் வெற்றிலையை வாங்கிக்கொண்டீர்கள். கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினார். அப்பா மேல்துண்டைக் கடையிலேயே விட்டுவிட்டாரே என்று கைவண்டிச் சோணை அதை எடுத்துக்கொண்டு, “அண்ணே, துண்டு” என்று ஓடி வந்தான். கதவைத் திறந்து துண்டோடு அவனையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். அப்போது நீங்கள் திரும்பி அப்பாவிடம் சொன்னது கடை வாசலில் நின்ற என் காதில் நன்றாகவே விழுந்தது.

“சும்மா உக்காருங்க மச்சான். ஆளு குறையுது. கூட்டம் முடிஞ்சதும் எறக்கி விட்டுருவேன்.”

கடையில் வாடகைக்கு நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே தல்லாகுளம்வரை மிதித்தேன். விழா தல்லாகுளத்தில். அங்கே ஆளா இல்லை? இருக்கிறார்கள். ஆனால் பேண்ட் போட்டு நடக்கிறார்கள், அவர்கள் மேல் உங்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டியவனைத் தேடிக் காளவாசல்வரை பெட்ரோல் செலவழித்து வந்திருக்கிறீர்கள். யாரோ ஒரு சங்கம் விழா நடத்துகிறது, பெரிய அதிகாரி பேச வருகிறார், நாற்காலி காலியாகக் கிடந்தால் உங்கள் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தலைக்குனிவு. கூட்டம் சேர்க்கச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் சேர்த்துவிட்டீர்கள். வாசலில் ‘அனைவரும் வருக’ என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தது. நான் உள்ளே போகப் போனேன். உங்கள் கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்கே வைத்து, “பப்ளிக்கெல்லாம் வெளிய நில்லுங்கப்பா, உள்ள பூராம் கேஸு” என்றார்.

ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அப்பா முன் வரிசையில் இருந்தார். எப்போது கை தட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கான்ஸ்டபிள் சுவரோரம் நின்று லத்தியைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி நன்றாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்லவில்லை. மனிதனாகப் பிறந்த எல்லாரும் சமம், இது உலக நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து ஒப்புக்கொண்டது, அதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் ஆண்டுதோறும் இந்த நாள் என்றார். லத்தி உயர்ந்தது, தட்டினார்கள். அடுத்து, யாரையும் காரணமில்லாமல் பிடித்து அடைத்து வைக்கக் கூடாது என்றார். இதற்கு லத்தி உயரவே இல்லை. உள்ளே இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள், சோணை எழுந்து நின்று தட்டினான். அதிகாரி கண் கலங்கிப்போய், இம்மாதிரி உரிமை உணர்வுள்ள மக்களை வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று சொல்லிக் கும்பிட்டார். பிறகு ஆளுக்கொரு லட்டுப் பொட்டலம் கொடுத்து மறுபடியும் வேனில் ஏற்றினீர்கள்.

இறக்கி விடுவேன் என்றீர்களே மாமா, எங்கே இறக்கினீர்கள்? ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். ஐயா அதிகாரியை வழியனுப்பப் போயிருக்கிறார், அவர் சொல்லாமல் விட முடியாது, கூட்டம் முடிந்தாலும் கேஸ் முடியவில்லை என்றார்கள். என்ன சந்தேகம் என்று கேட்டேன். ரைட்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “படிச்ச பிள்ளையா இருக்க. காரணம் இருந்தா அதுக்குப் பேரு சந்தேகமாப்பா?” என்றார். பி.ஏ. படித்த நான் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தேன்.

இன்று காலையிலிருந்து நிலைமை இன்னும் மோசம். மாப்பிள்ளையின் அப்பா சங்கிலி, நாளைய ஏற்பாட்டைப் பேச முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சம்பந்தி எங்கே என்றார். அம்மா பொய் சொல்ல மாட்டார், அது உங்களுக்கே தெரியும். “மனித உரிமை விழாவுக்குப் போயிருக்காரு. ஸ்டேஷன்ல இருந்து வண்டி வந்து கூட்டிட்டுப் போனாக” என்றார். சங்கிலி உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து, மேடையிலா என்று கேட்டார். முன் வரிசை என்றேன். அந்த மனிதர் அப்படியே உருகிவிட்டார். இவ்வளவு பெரிய இடம் என்று தரகர் சொல்லவே இல்லையே, சம்பந்தியைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று கூடத்தில் இருக்கிறார். இரண்டு நாளாகவா விழா நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா காப்பி போட்டுக்கொண்டே இருக்கிறார். இவருக்கு உண்மை தெரிந்தால் லாக்கப்பில் இருந்தவன் மகள் வேண்டாம் என்று எழுந்து போவார். தெரியாமல் போனாலும் நாளைக்குத் தட்டு மாற்ற ஆள் இல்லை. தங்கப்பொண்ணு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

உங்கள் அக்காவுக்கு உங்கள் மேல் வருத்தம் துளியும் இல்லை. “எந்தம்பி பிடிக்கலேன்னா வேற எவனாச்சும் பிடிச்சிருப்பான். தெரிஞ்ச ஆளு பிடிச்சதே நல்லது” என்கிறார். எனக்கு அப்படி இல்லை. சோணையின் பெண்டாட்டி மாயக்காள் காலையிலிருந்து எங்கள் வாசலில் நிற்கிறாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறாள். அவளைக் காட்டி யார் என்று சங்கிலி கேட்டார். விழாவுக்குப் போனவர் வீட்டம்மா என்றேன். அவளுக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அப்பாவையும் சோணையையும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த அதிகாரிக்கே எழுதுவேன், பத்திரிகைக்கும் எழுதுவேன். தாய்மாமன் என்றும் பார்க்க மாட்டேன். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
தவசி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீங்களே அப்பாவை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டீர்கள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லச் சொன்னார். ஜீப்பைப் பார்த்ததும் சங்கிலி எழுந்து நின்று கும்பிட்டார். அப்பா லட்டுப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்து, “சர்க்காரு குடுத்தது, சாப்பிடுங்க” என்றார். பெரிய அதிகாரி தன்னைப் பார்த்துக் கும்பிட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். பரிசம் நடக்கும். இனி அதிகாரிக்கும் பத்திரிகைக்கும் நான் எழுதினால் அப்பா என்னைப் போட்ட சட்டையோடு வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் ஜீப்பில் வந்தது அப்பா மட்டும்தான். சோணை எங்கே என்று கேட்டேன். “அது வேற மாப்ள, அவனுக்கு யாரு வந்து நிக்கிறா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினீர்கள். வாசலில் மாயக்காள் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். ஜீப் போனபிறகு அவள் என்னிடம், “எங்க வீட்ல யாரும் ஏட்டு இல்லையே தம்பி, நான் யாரைப் போயிக் கேக்கட்டும்?” என்றாள். உங்களைக் கேட்கச் சொன்னேன். உங்கள் வீட்டுக்கு நடந்தே போய்விட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறாள். நீங்கள் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறீர்களாம்.

அதனால் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அவள் கையிலேயே கொடுத்து மறுபடியும் அனுப்புகிறேன். மற்றதற்கெல்லாம் பதில் வேண்டாம். சோணையை எப்போது விடுவீர்கள் மாமா?