ஐந்து சுருட்டும் ஓர் ஆர்டரும்

சுருட்டின் எந்த முனையைப் பற்றவைக்க வேண்டும் என்று கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. ஒரு முனை திறந்திருந்தது, இன்னொன்று உருண்டையாக மூடியிருந்தது. திறந்த பக்கத்தில்தானே வாயை வைத்து இழுக்க முடியும் என்று நியாயமாக யோசித்து, மூடிய பக்கத்துக்குத் தீக்குச்சியைக் காட்டினார். நாலு குச்சி போனது. முனை கருகியதே ஒழிய புகை வரவில்லை.

ஆபீஸ் அறைக் கதவைத் தாழ் போட்டிருந்தார். ஜன்னலையும் சாத்தியிருந்தார். ஜன்னலுக்கு மேலே, அவரே ஆணியடித்து மாட்டிய பலகை தொங்கியது: ‘இங்கு புகை பிடிக்கக் கூடாது.’ நூலும் துணியுமாக அடுக்கி வைத்திருக்கும் பனியன் கம்பெனியில் அதுதான் மீறவே கூடாத சட்டம். போன மாதம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் பீடி பிடித்த ஓவர்லாக் டெய்லர் தவசியை, “இந்த நிமிசமே நடையைக் கட்டு” என்று அனுப்பிவைத்தவரும் இதே கிட்டுசாமிதான்.

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனுசர். அவருக்கு இப்போது என்ன கேடு வந்தது என்றால், ஸ்பெயினிலிருந்து ஒரு பெட்டி வந்தது.

திங்கட்கிழமை காலை கூரியரில் வந்த மரப்பெட்டி. உள்ளே ஐந்து சுருட்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்க நிறத்தில் ஒரு காகித வளையம். கூடவே ஓர் அட்டையில் இங்கிலீஷில் இரண்டே வரி: ‘ஐந்து அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை நேரில் சந்திப்போம். மாத்தியாஸ்.’

மாத்தியாஸ் ஸ்பெயின் நாட்டு பையர். அவர் டீ-சர்ட் ஆர்டர் கொடுத்தால், மாடியில் துணி போட்டு மூடிக் கிடக்கும் நாற்பது மெஷினும் ஓடும். கொடுக்காவிட்டால் நாற்பது டெய்லர்களைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்தே கிட்டுசாமி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் சித்ராதேவியோ மடத்துக்குளத்தில் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். பெட்டி எதற்கு என்று பார்க்கலாம் என்றால், கம்பெனி மெயிலின் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். செல்போன் அணைந்து கிடந்தது. மண்டபத்துக்கே ஆளனுப்பி, மாலையும் கழுத்துமாக இருப்பவளிடம் பாஸ்வேர்டு கேட்கிற அளவுக்குக் கிட்டுசாமி மோசமானவர் இல்லை. பக்கத்துக் கம்பெனி ரத்தினசாமிக்குப் போன் போட்டார்.

“சுருட்டு வந்துதா? போச்சு போ மாப்ளே!” என்றார் ரத்தினசாமி. “எனக்கு ஒருத்தன் இப்படித்தான் ஒயின் அனுப்பிச்சான். நேர்ல வந்து, எப்படி இருந்துதுன்னு கேட்டான். நான் மூடியைக் கூடத் தொறக்கலை. நல்லாருந்துதுங்கன்னு சொல்லி வெச்சேன். மூஞ்சியைச் சுளிச்சுட்டுப் போனவன்தான், இன்னைக்கு வரைக்கும் ஆளைக் காணோம். நீ அஞ்சையும் குடிச்சுப் பாத்து, ஒவ்வொண்ணும் எப்படி இருந்துதுன்னு எழுதி வெச்சுக்கோ. அவனுகளுக்கு அதுதான் மரியாதை.”

அதனால்தான் இந்தத் தாழ்ப்பாளும் தீப்பெட்டியும்.

ஐந்தாவது குச்சியை உரசும்போது போன் அடித்தது. சாயப்பட்டறை மாஸ்டர் ஆத்தப்பன்.

“ஏனுங்க மொதலாளி, ஸ்பெயின் ஆர்டருக்குக் கலர் சாம்பிள் வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரலியே.”

“துணித் துண்டோ, ரிப்பனோ, செங்கல்லோ, பையர் எதைய அனுப்பிச்சாலும் செரிங்க. அதைப் பாத்துத்தானுங்க நான் சாயம் கலக்கோணும். அவரு வாரதுக்குள்ள...”

“ஆத்தப்பா, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்குது. வந்தா நானே கூப்படறேன், வையி!”

சுருட்டு கடைசிவரை பற்றவில்லை. கிட்டுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தக் கம்பெனியில் சுருட்டு தெரிந்த ஆள் ஒருவன்தான் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் கருப்பசாமிக்கு ஆடுகிறவன். வருசா வருசம் சித்திரையில் அதற்கென்றே லீவு கேட்பவன். அவனைத்தான் இவர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அடுத்த தெருவில் தவசியின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் பெண்டாட்டி ஒச்சாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தவசி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“தவசி, சாமியாடறப்ப நீ சுருட்டுக் குடிப்பயில்ல?”

“கருப்பன் சத்தியமா அது சாமி குடிக்கிறது மொதலாளி. அதுக்குமா என்னையத் தண்டிக்கப் போறீக?”

“அட, அதில்லப்பா. எனக்குக் குடிக்கக் கத்துக்குடு.”

ஒச்சாயியின் கையிலிருந்து சொம்பு விழுந்தது.

தவசிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பாடம் அன்று மத்தியானமே தொடங்கியது. நூல் வெட்டும் ட்ரிம்மரால் மூடிய முனையைப் பதமாகச் சீவினான். “சீவின பக்கம் வாயி, தொறந்த பக்கம் தீ. புகைய நெஞ்சுக்குள்ள விட்றாதீக. வாயில வச்சுக் கொதப்பிட்டு ஊதிப்புடுங்க. இன்னொண்ணு, பாதியில அணைக்கக் கூடாது. மிச்சம் மீதி இல்லாம எரிஞ்சு முடியணும். அணைச்சா கருப்பனுக்கு ஆகாது.”

கிட்டுசாமி தலையை ஆட்டிவிட்டு, நேராக நெஞ்சுக்குள்ளேயே இழுத்தார். அறை ஒரு சுற்றுச் சுற்றியது. இருமின இருமலில் கண்ணாடி மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. ஆனாலும் மனுசர் விடவில்லை. கடைசித் துணுக்கையும் எவர்சில்வர் தட்டில் போட்டு எரித்துச் சாம்பலாக்கிவிட்டு, நோட்டில் எழுதினார்: ‘1. புது வைக்கோல் வாசம். பிறகு நெஞ்செரிச்சல்.’

“மொதலாளி, பாத்தீகளா? அஞ்சும் அஞ்சு நெறமா இருக்கு” என்றான் தவசி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்து.

“நெறத்தை வெச்சு நாக்கா வழிக்கறது? ருசியைக் கவனி!”

செவ்வாய்க்கிழமை இரண்டை முடித்தார். ‘2. காப்பிக்கொட்டை வறுத்த வாசம். நுனியில் லேசாக உப்பு. 3. காங்கேயம் எண்ணெய் மில் களத்தில் கொப்பரை காய்வது போல. தொண்டையில் மிளகுக் குத்து.’ நடுவில் ஆத்தப்பன் மூன்று முறை போன் செய்துவிட்டான். தொல்லை தாங்காமல் கூரியர் ஆபீஸைக் கூப்பிட்டு, “என்ற இன்னொரு பார்சலை எங்கய்யா தொலைச்சீங்க?” என்று சத்தம் போட்டார். ஸ்பெயினிலிருந்து வந்தது ஒரே ஒரு பெட்டிதான், அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நீங்கள்தான் என்றார்கள். பொறுப்பில்லாத பசங்கள் என்று போனை வைத்தார்.

சாப்பிட வீட்டுக்குப் போவதற்கு முன் வாய் நிறைய ஏலக்காய் மென்றார். சட்டைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டார். இலையில் உட்கார்ந்ததுமே மனைவி குழந்தையம்மாள் கரண்டியை நிறுத்தினாள்.

“ஏனுங்க, உங்க மேல என்னங்க வாசம்?”

“சாம்பிராணி. கம்பெனியில போட்டாங்க.”

“சாம்பிராணிக்கு ஏனுங்க சுருட்டு வாசம் வருது?”

கிட்டுசாமி சோற்றைப் பிசைந்தார். முப்பது வருசத்தில் இந்த மனுசியிடம் பொய் சொல்லி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார். “அது... ஆர்டர் கெடைக்கோணும்னு கருப்பசாமிக்குச் சுருட்டுப் படைச்சோம் புள்ள. தவசிதான் பண்ணுனான்.”

குழந்தையம்மாளின் கண் கலங்கிவிட்டது. “இதைய என்றகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? பொங்கல் இல்லாம, தேங்கா ஒடைக்காம, வெறும் சுருட்டைக் குடுத்தா சாமி என்னங்க நெனைக்கும்? நாளைக்கு நானே வந்து முறையாச் செய்யறேனுங்க.”

“வேண்டாம் புள்ள...”

“நீங்க சும்மா இருங்க.”

புதன்கிழமை காலை கம்பெனி முற்றத்தில் பொங்கல் பொங்கியது. கீழ்த்தளத்து டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கூடிவிட்டார்கள். ஆபீஸ் மேஜை மேலிருந்த பெட்டியைத் திறந்து, உள்ளதிலேயே கறுத்துத் தடித்த நாலாவது சுருட்டைக் குழந்தையம்மாளே எடுத்து இலையில் வைத்தாள். கிட்டுசாமி கையை நீட்டி, மறுபடி மடக்கிக்கொண்டார். வேண்டாம் என்றால் பொய் வெளியே வந்துவிடும். விட்டுவிட்டால் நாலாவது சுருட்டின் ருசி தெரியாமல் போய்விடும்.

“என்ன தவசி, சாமி வரலீங்களா?” என்றாள் குழந்தையம்மாள்.

தவசி முதலாளியைப் பார்த்தான். முதலாளி கண்ணாலேயே கும்பிட்டார். வேறு வழியில்லாமல் பொய்யாக இரண்டு ஆட்டம் ஆடினான். யாரோ ஒருவன் மூடிய அட்டைப்பெட்டியில் தாளம் தட்ட, மூன்றாவது ஆட்டத்தில் நிஜமாகவே வந்துவிட்டது. சுருட்டைப் பற்றவைத்து, முற்றத்துச் சுவரில் மாட்டியிருந்த இன்னொரு ‘புகை பிடிக்கக் கூடாது’ பலகைக்கு நேர் கீழேயே நின்று குபுகுபுவென்று ஊதினான்.

“ஆர்டர் கெடைக்குமா சாமி?” குழந்தையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“வந்தது கையில இருக்கு!” சாமி கர்ஜித்தது. “கையில வச்சுக்கிட்டே ஊரெல்லாம் தேடுறான்டா!”

“கேட்டீங்களா? ஆர்டர் கைக்கு வந்த மாதிரியேதானுங்க!” என்று அவள் பூரித்துப்போனாள்.

தவசி மயங்கி விழுந்து எழுந்ததும் கிட்டுசாமி அவனை அறைக்குள் இழுத்துப் போனார்.

“சீக்கிரம் சொல்லு. நாலாவது எப்படி இருந்துது?”

“எனக்கெப்படித் தெரியும் மொதலாளி? குடிச்சது சாமிதானே.”

“செரி, சாமிகிட்டக் கேட்டுச் சொல்லு!”

“இனி சித்திரைக்குத்தான் வரும்.”

கடைசியில் ஒரு அங்குலம் மிஞ்சிய துண்டைத் தானே பற்றவைத்தார். எழுதினார்: ‘4. முதலில் கருப்பட்டி. அப்புறம் ஞாபகம் இல்லை.’ அதன் பிறகு அரை மணி நேரம் பாத்ரூமில் இருந்தார்.

வியாழக்கிழமை காலை ஐந்தாவதைத் தனியாக உட்கார்ந்து பிடித்தார். அவசரப்படாமல் இழுத்து, வாயில் வைத்திருந்து, ஊதினார். ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி ஒரு இதம் நாக்கில் நின்றது. பயம், ஆர்டர், நாற்பது மெஷின் எல்லாம் பத்து நிமிடம் மறந்துபோனது. தீர்ந்தபோது நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கிட்டுசாமிக்கு வெட்கமாகவும் இருந்தது.

தட்டில் ஐந்து குவியலாகச் சாம்பலை ஒதுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அதனதன் தங்க வளையத்தை வைத்தார். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

பதினோரு மணிக்கு மாத்தியாஸ் வந்தார். கொள்முதல் பார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஆஷா என்ற பெண் மொழிபெயர்க்க வந்திருந்தாள். கலரை வாங்காமல் போவதில்லை என்று ஆத்தப்பனும் வந்து வாசலில் நின்றுகொண்டான். மாடியில் மெக்கானிக் நாற்பது மெஷினுக்கும் எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சாமி வாக்குக் கொடுத்துவிட்டது என்று குழந்தையம்மாள்தான் அதற்கு உத்தரவு போட்டிருந்தாள்.

மாத்தியாஸ் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ரத்தினசாமி சொன்ன அதே சுளிப்பு!  மரியாதையில் குறை வந்துவிட்டது என்று கிட்டுசாமி பதறி, நோட்டைத் திறந்து கடகடவென்று படித்தார். வைக்கோல், காப்பிக்கொட்டை, கொப்பரை, கருப்பட்டி. ஐந்தாவதை மட்டும் இரண்டு தரம் படித்தார். ஆஷா ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மாத்தியாஸின் வெள்ளை முகம் இன்னும் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் அனுப்பிச்ச அஞ்சும் இப்ப எங்க இருக்குன்னு கேக்கறார் சார்” என்றாள் ஆஷா.

கிட்டுசாமி இதற்காகத்தானே காத்திருந்தார்! எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் வைத்தார்.

 மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாத்தியாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆஷா பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்து ஆத்தப்பனிடம் நீட்டினாள். அவன் அதை வரிவரியாக விரல் வைத்துப் படித்தான். தட்டைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

“ஏனுங்க மொதலாளி, பெட்டியில அனுப்பிச்ச அஞ்சு சுருட்டோட அஞ்சு பிரவுனுக்கும் டீ-சர்ட்டுக் கலர் அப்படியே மேட்ச் ஆகோணும்னு இதுல எழுதியிருக்குதுங்க, நீங்க அஞ்சையுமே சாம்பக் கலராக்கி வெச்சிருக்கறீங்களே, நான் எதையப் பாத்துங்க சாயம் போடறது?”