ஆரஞ்சு ஸ்டாம்புக்கு அடியில் ஒரு கவிதை

கவிதையை ஸ்டாம்புப் புத்தகத்தில் எழுதியது என் தப்புதான்.

சாமான் வாங்கினால் கடைக்காரன் தரும் ஆரஞ்சு ஸ்டாம்புகளை நக்கி நக்கி ஒட்டி, புத்தகம் நிரம்பியதும் பரிசுக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கிக்கொள்வது அப்போது ஆக்ரன் நகரம் முழுவதையும் பிடித்திருந்த வியாதி. வாங்கி வாங்கியே ஆத்மாவைத் தொலைத்த அமெரிக்காவை அந்தக் காலிக் கட்டங்களுக்குள்ளேயே திட்டி எழுதினேன். முப்பத்திரண்டு பக்கப் புரட்சி. நகல் எடுப்பது குமாஸ்தா புத்தி என்று எடுக்கவில்லை. பகலில் நானும் குமாஸ்தாதான்.

சனிக்கிழமை மாலை நூலகத்தில் அதை வாசிக்க வேண்டும். என் முதல் மேடை. காலையில் இழுப்பறையைத் திறந்தால் புத்தகத்தைக் காணோம். சமையலறையில் என் மனைவி தெல்மா புத்தம்புது மின்சார வாணலியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இழுப்பறையில இருந்த புத்தகம் எங்கே?"

"ஸ்டாம்பு ஒட்டி நிரம்பிடுச்சு. வியாழக்கிழமை கொடுத்துட்டேன். ரெண்டு முட்டையா, மூணா?"

"அதுல என் கவிதை இருந்தது, தெல்மா."

"ஸ்டாம்பு ஒட்டுற புத்தகம்னு அட்டையிலேயே போட்டிருக்கு, வெண்டல்."

கத்தினேன். அவள் மூன்று முட்டை வைத்தாள். கோபத்தோடே மூன்றையும் தின்றுவிட்டு, வாணலியைத் தூக்கிக்கொண்டு பரிசுக் கடைக்கு ஓடினேன்.

கவுண்டரில் மிஸ் பிட்னர். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம்.

"இதை வச்சுக்கிட்டு என் புத்தகத்தைக் கொடுங்க."

"முட்டை ஒட்டியிருக்கு சார். உபயோகிச்ச சாமானை எடுக்க மாட்டோம்."

"கழுவிட்டு வந்தா?"

"வாணலி வேலை செய்யணும். அதான் விதி."

எதிரே பெட்ரோல் பங்கின் கழிவறைத் தொட்டியில் வாணலியை வயரோடு முக்கித் தேய்த்தேன். திரும்பி வந்து, வேலை செய்வதை நிரூபிக்கச் சுவரில் சொருகினேன். பட்டென்று ஒரு சத்தம். கடை முழுக்க விளக்கு அணைந்தது.

இருட்டில் மிஸ் பிட்னரின் குரல்: "வேலை செய்யலை சார்."

"வேற வழியே இல்லையா?"

"அதுக்குப் பதிலா நிரம்பின புத்தகம் ஒண்ணு கொண்டு வந்தா, பின்னாடி போய்த் தேடிப் பார்க்கலாம்."

சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். அன்றைக்கு நாய் உணவு வாங்கினால் பத்து மடங்கு ஸ்டாம்பு. டப்பாக்களை வண்டியில் மலையாகக் குவித்தேன்.

பின்னால் நின்ற அம்மாள் கேட்டாள்: "எத்தனை நாய் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"அப்புறம் யாருக்கு இவ்வளவும்?"

"கவிதைக்கு."

அவள் வண்டியைப் பக்கத்து வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

காரில் உட்கார்ந்து ஸ்டாம்புகளை நக்கி ஒட்டும்போது கவிதையை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். அதன் உச்சக்கட்டம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. நீலக் கோட்டு போட்ட ஒருத்தி, விலைச்சீட்டு போல வெறிச்சிட்ட முகத்தோடு, சோப்புத்தூள் அடுக்கின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுகிறாள். போன வாரம் தெல்மாவுக்கு வாசித்துக் காட்டியது அந்த இடம்தான்.

"யாரு அவ?" என்று கேட்டாள் தெல்மா.

"அவ ஒரு ஆளே இல்லை. அவதான் நம்ம காலம்."

"ஓ. ஆளே இல்லையா," என்று சொல்லிவிட்டு என் சட்டைகளுக்கு இஸ்திரி போடப் போனாள். இவளுக்கெல்லாம் கவிதை எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நிரம்பிய புத்தகத்தை மிஸ் பிட்னர் முன்னால் வைத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்து, முத்திரை குத்தி, பின்னறைக்குப் போய்த் திரும்பினாள்.

"வியாழக்கிழமை வந்த புத்தக மூட்டையை நேத்தே எரிச்சுட்டாங்க சார்."

"அதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டது, திருப்பிக் கொடுப்பீங்களான்னு. எரிச்சாச்சான்னு கேட்கலை."

அவ்வளவுதான். முப்பத்திரண்டு பக்கக் கோபமும் அந்தக் கவுண்டரில் கொட்டியது.

"நீங்கள்லாம் மனுஷங்களா? கையில கொடுத்ததை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தா ஸ்டாம்பு ஓரத்துல என் எழுத்து தெரிஞ்சிருக்குமே! என் பொண்டாட்டிக்கு வாணலிதான் உலகம். ஒரு பொருளைக் காட்டினா போதும், கண்ணு மண்ணு தெரியாது. என்ன கொடுக்கறோம்னு தெரியாம மூணு வருஷ உழைப்பைத் தூக்கிக் கொடுத்துட்டா. உங்களுக்கு எங்கே போச்சு புத்தி? ஒரே ஒரு கேள்விக்காவது விதியைச் சொல்லாம நேரா பதில் சொல்லுங்க."

மிஸ் பிட்னர் கண்ணாடியைக் கழற்றினாள். முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தாள்.

"நீலக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்களே, உங்க மிஸஸ், அவங்க தெரியாம கொடுக்கலை சார். எனக்கு எதுவும் வேணாம், இதை எரிச்சுட்டா போதும்னாங்க. சும்மா வாங்கிக்க எங்களுக்கு வழி இல்லை, நான்தான் அந்த வாணலியை அவங்க தலையில கட்டினேன்."