அப்பா ராவிய தொப்பை

தன் தொப்பையை ஊர் கண்ணிலிருந்து காப்பாற்றியே தீருவது என்று அப்பா முடிவெடுத்தார்.

நிஜத் தொப்பை இல்லை. பிளாஸ்டர் தொப்பை. போன குளிர்காலத்தில் அம்மா அவரைப் படுக்கவைத்து, வயிற்றில் ஏதோ குழம்பைத் தடவி ரப்பர் அச்சு எடுத்தாள். இடுப்புவலிக்கு நல்லது என்று இவராக நினைத்துக்கொண்டு குறட்டை விட்டார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்ததுதான் பின்னறை மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. தொப்புளோடு. குடல்வால் ஆபரேஷன் தழும்போடு.

அம்மா பரோடா ஓவியக் கல்லூரியில் படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் கண்காட்சி. உடம்பு, ஞாபகம், நான் யார், இதெல்லாம் விஷயமாம். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். எனக்கு அதெல்லாம் புரியாது. தொப்பை புரியும்.

எங்கள் ஊர் மாண்ட்வியில் எல்லோருக்கும் புரியும். அதுதான் சிக்கல். வெயில் காலத்தில் அப்பா பனியனை நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டுதான் எங்கள் பலகாரக் கடையில் கடலைமாவு ஃபாஃப்டா பொரிப்பார். வாடிக்கைக்காரர்களுக்கு அவர் முகத்தைவிடத் தழும்புதான் பழக்கம்.

"பாருல், என் வயித்தை வைக்காதே. எதிர்க்கடை ரமணிக் சிரிச்சே செத்துருவான்."

"உங்க வயிறா? நெய் ஊத்தி வளர்த்தது யாரு?"

"அப்போ உன் வயித்தை வையேன்!"

"அது ஏற்கெனவே ஒரு வேலை செஞ்சு காட்டியாச்சு. இதோ நிக்குது பாருங்க." என்னைக் காட்டினாள்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். வாயை மூடினால் திட்டம் போடுகிறார் என்று அர்த்தம்.

கண்காட்சிக்கு முன்தினம் அம்மா கிளம்பும்போது சத்தமாகச் சொன்னாள்: "சாயங்காலம்தான் வருவேன். பின்னறைப் பூட்டு கெட்டுப்போச்சு. யாரும் உள்ளே போகாதீங்க."

அப்பா உள்ளே போனார். என்னை வாசலில் காவல் நிறுத்தினார்.

"உடைக்கப் போறியாப்பா?"

"சேச்சே, அவ அழுவா. கொஞ்சம் இளைக்க வைக்கறேன். தழும்பு போயிட்டா அது எவன் வயிறோ!"

மேஜைமேலேயே அரம் கிடந்தது. மூக்கில் கட்டிக்கொள்ளத் துணிகூடப் பக்கத்தில் இருந்தது. கரகரவென்று ராவினார். வெளியே வந்தபோது மீசை வெள்ளை.

"போய்ப் பாரு நிரலி. கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்தேன்."

பார்த்தேன். பலகை. நடுவில் ஒரு புள்ளி.

நாளைக்குக் கண்காட்சி. அம்மாவுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு மேடை. அதில் வைக்க அவளிடம் இருந்தது இது ஒன்றுதான்.

அம்மா வந்தாள். பார்த்தாள். தரையைப் பெருக்கினாள். ரொம்ப நேரம் பெருக்கினாள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"திட்டவாவது திட்டேன் பாருல்."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் கிச்சடி போடவா?"

மறுநாள், பழைய பஞ்சுக் கிடங்கில் திறப்பு. அப்பா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி வந்தார். அம்மாவின் மேடையில் ரெண்டு தொப்பை! ஒன்று, தழும்போடு, புத்தம் புதுசு. அச்சு இருக்கும்வரை எத்தனை தொப்பை வேண்டுமானாலும் ஊற்றலாம். அது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. இன்னொன்று அப்பா ராவியது. நடுவே ஒரு ஜாடி நிறைய வெள்ளைத் தூள். கீழே அட்டை:

"என் கணவர். அவர் ஞாபகத்தில் அவர். நடுவில், வெட்கம். செய்தவர்கள்: பாருல், கிரீட்."

ரமணிக் வந்தார். குனிந்து படித்தார். அப்பா என் தோளை நசுக்கினார். ரமணிக் சிரிக்கவில்லை. மெல்லத் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கிரீட்பாய்," என்றார் அப்பாவைப் பார்த்து, "நான் ராவினா ரெண்டு ஜாடி பத்தாது."

அப்பா காலையிலிருந்து எக்கிப் பிடித்திருந்த வயிற்றை அப்போதுதான் விட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. யார் யாரோ வந்து கை குலுக்கினார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லவேளை பாருல், நான் மட்டும் உள்ளே போகலைன்னா உன் கண்காட்சி என்ன ஆகியிருக்கும்?"

"அதுக்குத்தானே," என்றாள் அம்மா, "புது அரமா வாங்கி வெச்சுட்டுப் போனேன்."