பின்சக்கரத்துப் புகை

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தெரியாதவர்கள் இருக்கிறார்கள், தெரியாமலே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் நம் வீடுகளில், டி.வி. வைத்திருக்கும் அறையில், சத்தமில்லாமல் பெருகிவருகிறது. இவர் கார்ப் பந்தய வீடியோ கேம் வாங்குவார். பந்தயத்தில் கலந்துகொள்வார். பந்தயத்தை மட்டும் முடிக்க மாட்டார். முதல் வளைவிலேயே காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, டயரிலிருந்து புகை கிளம்புகிற நொடியில் ஆட்டத்தை நிறுத்தி, அதைப் போட்டோ எடுப்பார். அதோடு அன்றைய பந்தயம் முடிந்தது. இவருக்குச் 'சறுக்குப் படக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்க எனக்கு உரிமை உண்டு. அந்த இனத்தில் ஒருவர் என் மருமகன்.

பொத்தானை அமுக்கினால் படம் விழுந்துவிடும், இதில் என்ன பெரிய வேலை என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கார் வேகமாக வரும். வளைவில் கைப்பிரேக்கை இழுத்ததும் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போகும். கார் பார்ப்பது ஒரு திசை, போவது வேறொரு திசை. இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். தெருவில் செய்தால் லைசென்ஸ் போகும், டி.வி.யில் செய்தால் பாராட்டு வரும். அந்த நொடியில் இவர் காலத்தை நிறுத்துவார். ஜெயிக்க வேண்டும் என்ற அற்ப ஆசையோடு ஓடிக்கொண்டிருந்த மற்ற கார்களெல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு கேமராவோடு காரைச் சுற்றி வருவார். திரைக்குள் கேமரா தாழ்ந்தால் வெளியே இவரும் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பார். கேமரா சாய்ந்தால் இவர் கழுத்தும் சாயும்.

"ஏங்க, கழுத்து சுளுக்கிடுச்சா?" என்பாள் என் மகள்.

"இல்ல, தொடுவானம் சாஞ்சிருக்கு."

அடுத்தது சக்கரம். ஆரங்கள் தெளிவாகத் தெரிந்தால் கார் நிற்கிறது என்று அர்த்தம். முழுக்கக் கலங்கிப்போனால் அது கார் இல்லை, மின்விசிறி. ஆரங்கள் இருக்கின்றனவோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மட்டும் கலங்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை உண்டாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும். பிறகு புகை, பிறகு வெயில், பிறகு ரோட்டோரத்துச் சரளை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எல்லாம் குறையில்லாமல் வந்து, நாம் அப்பாடா என்று மூச்சு விடும்போது, அவர் அதைக் கெடுக்க ஆரம்பிப்பார். கொஞ்சம் மங்கலாக்குவார். ஓரத்தில் பம்பரைக் கொஞ்சம் வெட்டுவார். கேமராக்காரர் கல் தெறிக்குமோ என்று பயந்து ஓரடி பின்வாங்கியது போல லேசாக ஆட்டிவிடுவார்.

"எதுக்கு மாப்பிள்ளை, நல்லாத்தானே இருந்தது?"

"அதான் மாமா பிரச்சினை. இவ்வளவு நல்லா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க."

பார்த்தீர்களா? இந்த இனத்தின் உயிர்நாடி இதுதான். 'அழகா இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் வாடும். 'இது எந்த ரோடு, யார் எடுத்தது?' என்று கேளுங்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டை அவரே பரிமாறுவார். ஆனால் அசல் உலகத்தின் மேல் இவருக்கு அக்கறை கிடையாது. ஒரு நாள் கடைவீதியில் எங்கள் கண்முன்னாலேயே ஒரு வாடகைக் கார் கிறீச்சிட்டு அரை வட்டம் அடித்து நின்றது. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். மருமகன், "புகை பத்தலை" என்றார். அவர் அசல் கேமராவில் எடுக்கும் படங்களைப் பற்றிக் கேட்கிறீர்களா? என் மகளின் பிறந்தநாள் படத்தில் மிகத் துல்லியமாக விழுந்திருப்பது அவருடைய கட்டைவிரல்.

இத்தனைக்கும் தொழிலில் பொறுப்பானவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறார். அடுத்தவர்கள் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம்.

என் மகளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்தவர்களையெல்லாம் தைரியமாக மெயின் ரோட்டில் இறக்கிவிட்டவள். பழக்கும் காரை வீட்டுக்கே எடுத்துவருவாள், வாசலில் நிற்கும். மருமகனின் கண் அதன்மேல் விழுந்தது. கேமில் அதே மாதிரி ஒரு கார் இருக்கிறதாம். கேமில் இருந்ததற்கு இதே நிறத்தில் பெயின்ட் அடித்தார். ஸ்கூல் பெயரை எழுதினார். நம்பர் பலகையின் ஓரத்து வளைவை நிழல் கொடுத்து வரைந்தார். இடது கதவில் ஒரு கீறல் உண்டு. அது எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்டார். நான் டேப் வைத்து அளந்து, நடுவில் அது லேசாக மேலே ஏறுவதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வாளியும் துணியுமாக வாசலுக்குப் போனாள்.

"கழுவாதே! கழுவாதே!" என்று உள்ளேயிருந்து சத்தம்.

"ஏன், தண்ணி வரலையா?"

"அந்த அழுக்கைப் பாத்துத்தான் வரைஞ்சுக்கிட்டிருக்கேன். மட்கார்டுக்கு மேல இன்னும் முடியல."

"நாளைக்குக் கத்துக்க வர்றவங்க என்னங்க நினைப்பாங்க?"

"ரோட்டுல ஓடுற காருன்னு நினைப்பாங்க."

அழுக்கு முடிந்தது. படமும் முடிந்தது. குடோன்கள் வரிசையாக நிற்கும் ஒரு ரோடு, சாய்ந்த வெயில், மகளின் கார் பக்கவாட்டில் பறக்கிறது, பின்சக்கரங்களிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை. கண்ணாடிகளில் வானம் பிரதிபலிப்பதால் உள்ளே ஓட்டுவது யார் என்று தெரியாது. அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அவர் தங்கை உடனே, "அண்ணியா ஓட்டுறாங்க? சூப்பர்!" என்று எழுதினாள். மருமகன் மறுக்கவில்லை. எந்தக் கலைஞன் மறுப்பான்? சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். தங்கை தன் தோழிகளுக்கு அனுப்பினாள், தோழிகள் அவரவர் வீட்டாருக்கு அனுப்பினார்கள், படம் ஊரெல்லாம் சுற்றி டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மாவின் போனில் போய் விழுந்தது.

மறுநாள் அவர் கூப்பிட்டனுப்ப, மூன்று பேரும் போனோம். முதலாளியம்மாவின் அறையில் சுவர் முழுக்க சாலைக் குறியீடுகள். மேஜை மேல், ரிவர்ஸ் எடுப்பதை விளக்குவதற்கு வைத்திருக்கும் பொம்மைக் கார்கள். அவர் போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா இது? கைப்பிரேக்கை எப்ப போடணும்னு பாடம் எடுக்கிறது நீதானே?"

"மேடம், அது நான் இல்ல. அது காரே இல்ல. கேம்."

"கேமா?" முதலாளியம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்பர் பலகை வளைஞ்சிருக்கு. கதவுல அதே கீறல். பின்னால நம்ம ஸ்டிக்கர் பாதி உரிஞ்சிருக்கு. கேம்ல ஸ்டிக்கர் உரியுமா?"

"அது நான் உரிச்சது மேடம்," என்றார் மருமகன்.

"தம்பி, நீங்க பொண்டாட்டியைக் காப்பாத்தப் பாக்குறீங்க. நல்ல குணம்தான். ஆனா, இதைப் போய்க் கேம்னு சொன்னா எந்த மடையன் நம்புவான்?"

வாழ்நாள் முழுவதும் அவர் காத்திருந்த வாக்கியம் அது. அது வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை. மருமகன் கல்யாண மாப்பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டு, "நிஜமாவா மேடம்?" என்றார். என் மகள் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். கற்றுக்கொள்கிறவர் மறந்த பிரேக்கைப் பக்கத்து சீட்டிலிருந்து மிதித்துப் பழகிய கால் அது.

சுதாரித்துக்கொண்டு, கையோடு கொண்டுபோயிருந்த கேம் பெட்டியை அங்கிருந்த டி.வி.யில் மாட்டினார். கார் ஓடியது. முதலாளியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பொம்மையாட்டம் ஓடுது தம்பி. அது போட்டோ. அந்தப் போட்டோவைப் பாத்து இந்தப் பொம்மையைச் செஞ்சிருக்கீங்க. சரி, உள்ள உக்காந்து ஓட்டுறது யாரு? அதைக் காட்டுங்க."

"கண்ணாடியில வானம் தெரியுதே மேடம். அந்த மேகத்தை மட்டும் கொண்டுவர்றதுக்கு நான்..."

"வசதியாப் போச்சு. பெத்தவங்க தங்களோட பிள்ளைகளை நம்பி அனுப்புற இடம்மா இது. சாவியை வெச்சிட்டுப் போ."

என் மகள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, பொம்மைக் கார்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வேலை அவளுக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சாவி வளையத்திலிருந்து கையை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

மருமகன் சாவியைப் பார்த்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார். கடைசியில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கூட அவ்வளவு வேதனைப்பட மாட்டார், அப்படி ஒரு குரலில், "மேடம், அதுல ஒரு தப்பு இருக்கு," என்றார்.

"என்ன தப்பு?"

"புகை."

"புகைக்கு என்ன?"

"பின்சக்கரத்துலேர்ந்து வருது. இந்தக் காருல இன்ஜின் சுத்திவிடுறது முன்சக்கரத்தை. பின்சக்கரம் சும்மா உருண்டு வரும், அவ்வளவுதான். கைப்பிரேக் போட்டா வழுக்கும், கோடு விழும். இப்படிக் குபுகுபுன்னு புகை வரவே வராது. நான்தான் கேம்ல இன்ஜின் விசையைப் பின்சக்கரத்துக்கு மாத்தினேன். முன்னால புகை வந்தா பாக்க நல்லா இல்ல மேடம்."

முதலாளியம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே கார் நின்றுகொண்டிருந்தது, கழுவாமல். நிறைய நேரம் அதையே பார்த்தார்.

"ஆமா. முன்டயர்தான் மாத்தி மாத்தி மாளல. பின்டயர் அப்படியே கெடக்கு." திரும்பி வந்து சாவியைத் தள்ளினார். "எடுத்துக்கம்மா. காரைக் கழுவு. ஏன் தம்பி, இது தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

மருமகன் கேம் பெட்டியின் வயரைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். படம் போட்ட நாளிலிருந்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவர் பயந்துகொண்டிருந்த ஒரே குறை அதுதான் என்பதை முதலாளியம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

திரும்பும்போது மகள்தான் ஓட்டினாள். வளைவுகளில் டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாலும் தளும்பியிருக்காது. வீட்டை நெருங்கும்போது, "ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்றாள்.

மருமகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்களாக் கண்டுபிடிக்கலை, கவனிச்சியா? நான் சொல்லித்தான் தெரிஞ்சுது."

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? எதற்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மகள் சாவியை மேஜைமேல் வைத்தபோது, உங்கள் மனம் அவளோடு இருந்ததா? அல்லது, 'பின்சக்கரத்தில் புகை' என்று மருமகன் சொன்னதும், 'அசல் காரிலேயே விசையைப் பின்சக்கரத்துக்கு மாற்ற மெக்கானிக்குகள் இருக்கிறார்களே, அந்தம்மா இதை ஏன் கேட்கவில்லை?' என்று ஒரு யோசனை குறுக்கே ஓடியதா?

ஓடியிருந்தால், தயவுசெய்து தரையிலிருந்து எழுந்திருங்கள். உங்கள் கன்னத்தில் தூசி ஒட்டியிருக்கிறது. துடைக்க மாட்டீர்கள், தெரியும். பார்த்து வரைய வேண்டியிருக்கும். அளவு வேண்டுமானால் சொல்லுங்கள், என்னிடம் டேப் இருக்கிறது.